அடைத்த பல் ஏன் திறந்தது?

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் இரவு, சோற்றில் கல் கிடந்ததென்று எண்ணி வாயிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அது கல்லன்று, என் கீழ்க் கடைவாய்ப்பல்லில் பதினான்கு மாதங்களுக்கு முன் வைத்த அடைப்பு. வெண்மையாய், பல்லின் குழியை அப்படியே அச்செடுத்தாற்போல், உடையாமல் முழுதாக வந்திருந்தது. என் தந்தை அதை வாங்கி விளக்கின் கீழ்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முப்பது ஆண்டுகளாகக் கொத்தனார் வேலை செய்பவர். "மட்டமான சிமெண்ட்டைப் போட்டு ஏமாத்திட்டாங்க" என்றார். அதற்குக் கொடுத்த பணம் அவருடைய இரண்டு நாட் கூலி. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ படிக்கிறது கெமிஸ்ட்ரிதானேம்மா? இது ஏன் பிடிச்சு நிக்கலைன்னு சொல்லு பார்ப்போம்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. ஆனால் என் கூச்சத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதில் இருந்தது. என் தந்தைக்கும் மேல் கடைவாய்ப்பல் ஒன்றில் சொத்தை. அதை அடைக்கலாமா என்று இரண்டு மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்தவர், என் அடைப்பைக் கையில் வைத்துக்கொண்டே முடிவுக்கு வந்துவிட்டார். "அடைச்சா நிக்காது. பிடுங்கிப் போட்டுட வேண்டியதுதான்." எனவே அவருடைய கேள்விக்கு நான் விடை கண்டுபிடிக்கவில்லையென்றால் போவது ஒரு நல்ல பல் என்றாயிற்று. பலபடிகளைப் பற்றி நம் வகுப்பில் நடந்த பாடமும், பல் மருத்துவம் படிக்கும் பள்ளித்தோழி ஒருத்தி இரவல் கொடுத்த நூலும் எனக்கு உதவின. அவற்றிலிருந்து நான் அறிந்துகொண்டதே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். பிசின் என்றவுடன் நமக்கு வேப்பமரத்துப் பிசின் நினைவுக்கு வரும். அது நீரில் ஊறிக் கரையும். பல் அடைக்கும் ரெசின் என்னும் பிசின் அத்தகையதன்று. சிறு மூலக்கூறுகளாக, கூழ் போன்று குழிக்குள் போய், அங்கேயே ஒன்றோடொன்று கைகோத்து இறுகி, பலபடியாக மாறுவது அது. நாம் ஆய்வுக்கூடத்தில் குடுவைக்குள் செய்யும் வினையை மருத்துவர் ஒரு மனிதரின் வாய்க்குள், எச்சில் ஊறும் இடத்தில், ஓரிரு நிமிடங்களில் செய்து முடிக்கிறார். இதை எண்ணிப் பார்த்தால் அடைப்பு விழுவதைவிட அது நிற்பதே வியப்புக்குரியதாகத் தோன்றும்.

நம் பாட்டன்மார் காலத்தில் அடைப்பு என்றால் வெள்ளி அடைப்புதான். ஏறத்தாழப் பாதி பாதரசமும், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவையும் கலந்த இரசக்கலவை அது. கறுப்பாக இருந்தாலும் நெடுநாள் உழைத்தது. அதற்கு ஒரு விந்தையான குணமும் உண்டு: அதன் ஓரம் அரிக்கப்படும்போது உண்டாகும் பொருள்களே பல்லுக்கும் அடைப்புக்கும் இடையிலுள்ள நுண்ணிய சந்தை அடைத்துவிடும். துருவே காவலாக நிற்கும் என்று சொல்லலாம். ஆயினும் பாதரசம் நஞ்சு. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 சனவரி முதல் நாளிலிருந்து, சில விலக்குகள் நீங்கலாக, பல்லில் இரசக்கலவை வைப்பதே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே இனிப் பொறுப்பு பெரும்பாலும் பிசினின் தலையில்தான்.

1940களில் முதன்முதலாகப் பிசினைப் பல்லில் வைத்துப் பார்த்தார்கள். மெத்தில் மெத்தக்ரிலேட் என்னும் சிறிய மூலக்கூறு, அதாவது அக்ரிலிக் கண்ணாடி செய்யப் பயன்படும் அதே சரக்கு. அது படுதோல்வி அடைந்தது. காரணம் சுருக்கம். இரண்டு தனி மூலக்கூறுகள் அருகருகே இருக்கும்போது அவற்றிடையே உள்ள வாண்டர்வால்ஸ் தொலைவு சுமார் 0.34 நானோமீட்டர். அவை சகப்பிணைப்பால் இணைந்துவிட்டால் அத்தொலைவு சுமார் 0.15 நானோமீட்டராகக் குறைந்துவிடும். ஒவ்வொரு பிணைப்புக்கும் இவ்வளவு இடம் மிச்சமானால் மொத்தத்தில் என்னவாகும்? நூறு பங்கு மெத்தில் மெத்தக்ரிலேட் திரவம் பலபடியானால் எழுபத்தொன்பது பங்காகச் சுருங்கும். முன்பே இறுகிய தூளைக் கலந்து இதைக் குறைத்துப் பார்த்தார்கள், போதவில்லை. மேலும் சூட்டில் அக்ரிலிக் விரிவதோ பல் விரிவதைப்போல் ஏழெட்டு மடங்கு. சூடான காப்பி குடித்தால் அடைப்பு விரியும். தண்ணீர் குடித்தால் சுருங்கும். ஓரத்தில் உண்டான சந்து, குடிக்கும் நீரையெல்லாம் உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் ஆய்வு செய்த ரஃபேல் போவன் என்னும் பல் மருத்துவர். அவர் முதலில் எபாக்சிப் பிசினை முயன்றார். அது குறைவாகவே சுருங்கும். ஆனால் இறுக நெடுநேரம் பிடிக்கும். நோயாளி வாயைத் திறந்துகொண்டே எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பார்? ஆகவே எபாக்சியைப்போன்ற பெரிய உடலும், இரு முனைகளிலும் விரைந்து வினைபுரியும் மெத்தக்ரிலேட் தொகுதிகளும் கொண்ட ஒரு மூலக்கூறை அவர் ஆக்கினார். 1962இல் காப்புரிமை பெற்ற அதன் சுருக்கப் பெயர் பிஸ்-ஜிஎம்ஏ. மெத்தில் மெத்தக்ரிலேட்டின் மூலக்கூறு எடை 100. இதன் எடை 512. மூலக்கூறு பெரிதாக இருப்பதால் ஒரு குறிப்பிட்ட பருமனில் இருக்கும் இரட்டைப்பிணைப்புகளின் எண்ணிக்கை குறைவு. பிணைப்புகள் குறைந்தால் சுருக்கமும் குறையும். இருமுனையிலும் கை இருப்பதால் நீண்ட சங்கிலியாக மட்டும் நில்லாமல் வலையாகவும் பின்னிக்கொள்ளும். நடுவில் உள்ள இரண்டு பென்சீன் வளையங்கள் விறைப்பைத் தரும்.

போவன் இத்துடன் நிற்கவில்லை. சிலிக்காத் தூளை அதில் கலந்தார். இந்த இடத்தை என் தந்தையிடம் சொன்னபோது அவர் நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. "ஜல்லி" என்றார். சிமெண்ட்டை மட்டும் கரைத்து ஊற்றினால் இறுகும்போது பாளம் பாளமாக வெடிக்கும்; ஜல்லியும் மணலும் சேர்ந்தால்தான் கான்கிரீட். ஜல்லி சுருங்காது. இன்றைய அடைப்புகளில் எடையில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்குகூடக் கண்ணாடித் தூள்தான். அதனால்தான் மொத்தச் சுருக்கம் இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் கண்ணாடியும் பிசினும் இயல்பாக ஒட்டா. எனவே ஒவ்வொரு துகள்மீதும் சிலேன் என்னும் சேர்மத்தைப் பூசுகிறார்கள். அதன் ஒரு முனை கண்ணாடியின் சிலிக்கானோடு ஆக்சிஜன் வழியாகப் பிணையும். மறுமுனை பிசினின் வலையில் சேரும். பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் அறிந்த தரகரைப்போன்றது இது. தரகர் விலகினால் என்னாகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பிஸ்-ஜிஎம்ஏயிடம் ஒரு குறை. தன் ஹைட்ராக்சில் தொகுதிகளின் ஹைட்ரஜன் பிணைப்பால் அது தேனைவிடக் கெட்டியாக இருக்கும். தூளைக் கலக்க முடியாது. அதை இளக்குவதற்கு டெக்-டிஎம்ஏ என்னும் மெலிந்த மூலக்கூறைச் சேர்க்கிறார்கள். இது பல்லாயிரம் மடங்கு நீர்த்தது. கலவை இளகும், வினையும் நன்கு நடக்கும். ஆனால் இது சிறிய மூலக்கூறு. பிஸ்-ஜிஎம்ஏயைப்போல் இருமடங்குக்கு மேல் சுருங்கும். இதன் ஈதர்ப் பிணைப்புகள் நீரையும் விரும்பும். ஒரு குறையைத் தீர்க்க வைத்த மருந்து இரண்டு குறைகளைக் கொண்டுவந்தது. யூரித்தேன் வகையைச் சேர்ந்த வேறொரு மூலக்கூறையும் பலர் கலக்கிறார்கள். ஆயினும் இளக்கம், சுருக்கம், நீர்வேட்கை மூன்றையும் ஒருசேர அடக்கிய பிசின் இன்னும் கிட்டவில்லை.

இனி இறுகும் விதம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஏனெனில் இதில் நம் கற்பூரம் வருகிறது. கற்பூரத்தின் மூலக்கூறில் கீட்டோன் தொகுதியை அடுத்துள்ள கார்பனையும் ஆக்சிஜனேற்றம் செய்து இன்னொரு கீட்டோனாக மாற்றினால் கேம்பர்குயினோன் என்னும் மஞ்சள் நிறப் பொருள் கிடைக்கும். அது 468 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை நன்கு உறிஞ்சும். கிளர்ந்த நிலையில் அருகிலுள்ள அமீனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். அதனால் தனிஉறுப்பு பிறக்கும், அது இரட்டைப்பிணைப்பைத் தாக்கும், சங்கிலி வளரும். மருத்துவர் கையில் இருக்கும் நீல விளக்கின் மருமம் இதுதான். அவர் ஆரஞ்சு நிறக் கண்ணாடி அணிவதும் அந்த நீலத்தைத் தடுக்கத்தான்.

ஆனால் ஒளி எவ்வளவு ஆழம் போகும்? தூளும் பிசினும் ஒளியைச் சிதறடிக்கும். சாதாரணச் சரக்கில் சுமார் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போதிய ஒளி சென்றடையாது. நான்கு மில்லிமீட்டர்க் குழியை ஒரே உருண்டையாக அடைத்து ஒளி காட்டினால் மேலே கல்போல் இருக்கும். அடியில் பாதி வெந்த சோறுபோல் இருக்கும். ஒளி நன்றாகப் பட்ட இடத்திலும் எல்லா இரட்டைப்பிணைப்புகளும் வினைபுரிவதில்லை. வலை இறுக இறுக மூலக்கூறுகள் அசைய இடமின்றி அடைபடும். நூற்றுக்கு ஐம்பது முதல் எழுபத்தைந்து வரை வினைபுரிந்தால் அதுவே நிறைவு. மீதி கைகோக்காமல் உள்ளேயே கிடக்கும். அவற்றுள் சிறியவை நாளடைவில் நீரோடு கசிந்து வெளியேறும்.

பகுதி பகுதியாக அடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழி என்பது பெட்டி: ஐந்து பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. ஐந்து சுவரிலும் ஒட்டிக்கொண்ட பிசின் சுருங்கும்போது இளகி வளைந்து கொடுக்கத் திறந்த பக்கம் ஒன்றே. ஒட்டிய பரப்புக்கும் ஒட்டாத பரப்புக்கும் உள்ள இவ்விகிதம் கூடக் கூட இழுவிசை மிகுமென்று 1987இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள அடைப்பு, பருமனில் இரண்டரை சதவீதம் சுருங்கினால், ஒட்டாமல் தடையின்றிச் சுருங்குவதாக வைத்துக்கொண்டால், அகலத்தில் சுமார் 0.03 மில்லிமீட்டர் குறையும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணுயிரின் அகலம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அந்தச் சந்தில் முப்பது பேர் வரிசையாக நடந்து போகலாம். "கனமா ஒரே பூச்சா அடிச்சா வெடிக்காம என்ன செய்யும்?" என்றார் தந்தை. தாம் அறிந்த ஒன்றை நான் ஏன் இவ்வளவு சுற்றிச் சொல்கிறேன் என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

சுவரோடு ஒட்டும் வித்தையும் அவருக்குப் புதிதாக இல்லை. பழைய சுவரில் பூசுமுன் கொத்து விடுவார்கள் அல்லவா? வழவழப்பில் பூச்சு நிற்காது. 1955இல் மைக்கேல் போனகோர் என்னும் அமெரிக்கர் செய்தது அதுவே. உலோகத்தில் வண்ணப்பூச்சு ஒட்டுவதற்கு ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதைக் கண்டு, அதையே பல்லின் எனாமல்மேல் தடவினார். அமிலம் தாதுப்படிகங்களைச் சிறிது கரைத்து நுண்துளைகளை உண்டாக்கியது. பிசின் அவற்றுள் புகுந்து இறுகி வேர் பிடித்தது. எனாமலில் எடைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தாதுப்பொருள்; அதனால் அங்கே இவ்வொட்டு நன்றாக உழைக்கிறது.

தொல்லையெல்லாம் அதன் கீழேயுள்ள டென்டினில். அதில் ஈரம் உண்டு. கொலாஜன் என்னும் புரத நார் உண்டு. அமிலம் பட்டதும் தாது கரைந்து நார்கள் நனைந்த பஞ்சுபோல் நிற்கும். நீரை வெறுக்கும் பிசின் அதற்குள் நுழையாது. எனவே நீரை விரும்பும் ஹெமா என்னும் மூலக்கூறை ஒட்டுப்பசையில் சேர்க்கிறார்கள். நாருக்குள் பிசின் புகுந்து இறுகி இரண்டும் கலந்த ஒரு படலம் உண்டாவதை 1982இல் ஜப்பானிய ஆய்வாளர் நகபயாஷி விளக்கினார். ஆனால் நீரை விரும்பி உள்ளே போனது, இறுகிய பின் நீரை வெறுத்துவிடுமா? நாள்தோறும் அது நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இம்முரண்பாட்டில்தான் இருக்கிறது. நுழைவதற்கு எந்தக் குணம் வேண்டுமோ, நிலைப்பதற்கு அந்தக் குணமே பகை.

நீர் செய்யும் வேலை நம் கரிம வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது: எஸ்டரின் நீராற்பகுப்பு. மெத்தக்ரிலேட் என்பதே எஸ்டர். நீர் நுழைந்தால் அது அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் மெல்லப் பிரியும். நம் எச்சிலிலேயே எஸ்டரைப் பிளக்கும் நொதிகள் உள்ளன. மியூட்டன்ஸ் நுண்ணுயிருக்கும் அத்திறன் உண்டு. கண்ணாடித் துகளைப் பிணைத்திருந்த சிலேன் தரகரும் நீரால் விலகுவார்; துகள் உதிரும்; மேற்பரப்பு சொரசொரப்பாகும். பிசினால் முழுதும் மூடப்படாத கொலாஜன் நாரை டென்டினுக்குள் இருக்கும் நொதிகளே அரிக்கும். சாராயமும் இந்த வலையை இளக்கும். இங்கே கட்டட உவமை தலைகீழாகிவிடுகிறது. சிமெண்ட் தண்ணீரால் வலுப்பெறும். பிசின் தண்ணீரால் வலுவிழக்கும். இதைத் தந்தை நெடுநேரம் நம்பவில்லை.

இம்முரண்பாட்டிலிருந்து தப்பும் வழியாக ஜப்பானில் 1980களின் தொடக்கத்தில் எம்டிபி என்னும் மூலக்கூறு வந்தது. ஒரு முனையில் பாஸ்பேட், மறுமுனையில் மெத்தக்ரிலேட், நடுவில் பத்துக் கார்பன் நீளமுள்ள, நீரை வெறுக்கும் சங்கிலி. பாஸ்பேட் முனை பல்லின் கால்சியத்தோடு எளிதில் கரையாத உப்பாகப் பிணைகிறது. கொத்திவிட்டுப் பிடித்துக்கொள்வதோடு நில்லாமல் வேதிப்பிணைப்பும் ஏற்படுவதால் இவ்வொட்டு நீண்ட நாள் நிற்கிறது.

சுருக்கம் ஒன்றே குற்றவாளி என்று நானும் முதலில் நினைத்தேன். 2007இல் விற்பனைக்கு வந்த சிலோரேன் என்னும் பிசின் என் எண்ணத்தை மாற்றியது. அதில் இரட்டைப்பிணைப்பு திறப்பதற்குப் பதிலாக வளையம் திறக்கும். வளையம் திறக்கும்போது இடம் சற்றே விரிவதால் மொத்தச் சுருக்கம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அருமையான வேதியியல். ஆனால் நோயாளிகளின் வாயில் வைத்துப் பல ஆண்டுகள் பார்த்தபோது சாதாரணப் பிசினைவிட அது மேலாக உழைக்கவில்லை. பின்னர் அது விற்பனையிலிருந்தே மறைந்தது.

இப்போது என் பல்லுக்கு வருகிறேன். விழுந்த அடைப்பு உடைந்திருக்கவில்லை, தேயவுமில்லை. பொருள் மட்டமானதாக இருந்தால் அதுவே நொறுங்கியிருக்கும். போனது ஒட்டுதான். அன்று நடந்ததை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். அமிலத்தைக் கழுவி ஒட்டுப்பசை வைக்கும் நேரத்தில் எனக்குக் குமட்டியது, வாயை மூடிவிட்டேன், எச்சில் குழியை நிறைத்தது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். மருத்துவர் பஞ்சால் துடைத்துவிட்டு மேலே தொடர்ந்தார். எச்சிலின் புரதம் படிந்த பரப்பில் பிசின் ஒட்டாது. மறுபடி அமிலமிட்டுக் கழுவியிருக்க வேண்டும். பிறகு ஒரே உருண்டையாக அடைத்து ஒருமுறைதான் ஒளி காட்டினார் என்பதும் நினைவிருக்கிறது. அதன்பின் விடுதியில் நாளைக்கு ஐந்து முறை சர்க்கரை போட்ட தேநீர் குடித்தது நானன்றி வேறு யார்? சந்துக்குள் குடியிருந்தவர்களுக்குச் சோறு போட்டவள் நானே. மட்டமான சிமெண்ட் என்று தந்தை சொன்னபோது நானும் தலையாட்டினேன், அது நியாயமன்று.

இதையெல்லாம் சொல்லி முடித்தபின் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எத்தனை வருஷம் நிக்கும்?" கடைவாய்ப்பல்லில் சரியாக வைத்த அடைப்புகளில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று முதல் மூன்று வரை பழுதாகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவர் விரல்விட்டு எண்ணினார். "பத்து வருஷத்துல நூத்துக்கு முப்பது போனாலும் எழுபது நிக்குது. நான் அடிச்ச மொட்டைமாடிப் பூச்சு அவ்வளவு நிக்காது" என்றார்.

தை மாதத்தில் மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில் இருவரும் போய் உட்கார்ந்தோம். அவருடைய சொத்தை நரம்பை எட்டவில்லை. அடைத்தாலே போதும் என்றார்கள். எனக்குப் பல்லைச் சுற்றி ரப்பர்த் தாளைக் கட்டி எச்சிலைத் தடுத்துவிட்டு அடைத்தார்கள். நீல விளக்கின் ஒலியை எண்ணிக்கொண்டிருந்தேன், நான்கு முறை. அடுத்து அவர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், பேருந்து நிறுத்தம்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கொத்து விட்டாங்க. கழுவினாங்க. பூச்சு மூணு தடவை. தண்ணி மட்டும் காட்டலை."